ஒண்டுக்குடித்தன சாம்ராஜ்யம்

சிவிலைசேஷன் 6 என்ற கணினி விளையாட்டில் ஜப்பானைத் தேர்ந்தெடுத்ததும் வந்து நிற்பவர் ஹோஜோ டோக்கிமுனே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியப் படையை இரண்டு முறை சமாளித்த ஆள். அவர் பெயருக்குக் கீழே இருக்கும் சலுகைகளைப் படித்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். அடிபட்டாலும் பலம் குறையாத சாமுராய், கடற்கரையில் நின்று சண்டை போட்டால் கூடுதல் பலம், ராணுவ முகாமைப் பாதி உழைப்பில் கட்டிக்கொள்ளும் வசதி. போதாததற்கு ஒரு சலுகையின் பெயரே தெய்வக் காற்று. இத்தனையும் கொடுத்தால் பக்கத்து நாட்டின் மேல் பாயத்தான் தோன்றும்.

பாய்ந்தாலும் ஜெயிக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானை அப்படி ஆடுவது சுத்த வேஸ்ட் என்பது என் கட்சி. வாளுக்கும் குதிரைக்கும் வேறு நாடுகள் இருக்கின்றன. ஜப்பானை ஜெயிக்க வைப்பது அதே பட்டியலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு வரி. அதற்கு மெய்ஜி மீட்சி என்று பெயர். போருக்கும் அதற்கும் ஒட்டு உறவு கிடையாது. எதற்குப் பக்கத்தில் எதைக் கட்டுவது என்ற கணக்கு அது.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம். கி.மு. 4000-ல் ஊர் அமைக்கும் செட்லர் ஒருவர், வீரன் ஒருவன், இரண்டே பேரோடு ஆட்டம் தொடங்கும். தரை முழுக்க அறுகோணக் கட்டங்கள். ஊர் அமைத்து, வயல் போட்டு, எழுத்து, சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ராக்கெட் வரைக்கும் போகலாம். சாதாரண வேகத்தில் 500 டர்ன். எல்லாத் தலைநகரங்களையும் பிடித்தாலும் ஜெயம், மதத்தைப் பரப்பினாலும் ஜெயம், வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை வாரி இழுத்தாலும் ஜெயம், வேற்றுக் கிரகத்துக்குக் கப்பல் அனுப்பினாலும் ஜெயம். ஆட்டம் 2016-ல் வந்தது. 2018-லும் 2019-லும் இரண்டு பெரிய விரிவாக்கங்கள் வந்தன. நான் சொல்வதெல்லாம் இரண்டும் சேர்ந்த ஆட்டத்தைப் பற்றி.

முந்தைய பாகங்களில் நூலகம், கோயில், சந்தை எல்லாமே ஊர் என்கிற ஒற்றைக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆறாம் பாகத்தில் அவற்றை வெளியே தூக்கிப் போட்டுவிட்டார்கள். அறிவியலுக்குக் கேம்பஸ், வணிகத்துக்குக் கமர்ஷியல் ஹப், கலைக்குத் தியேட்டர் ஸ்கொயர், மதத்துக்கு ஹோலி சைட், ஆலைகளுக்கு இண்டஸ்ட்ரியல் ஸோன் என்று ஒவ்வொன்றும் ஒரு டிஸ்ட்ரிக்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கட்டம். பக்கத்துக் கட்டங்களில் என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்து வருமானம். மலையை ஒட்டிக் கேம்பஸ் வைத்தால் மலைக்கு ஒரு புள்ளி. ஆற்றங்கரையில் கமர்ஷியல் ஹப் வைத்தால் இரண்டு புள்ளி. இது எல்லா நாட்டுக்கும் பொது.

டிஸ்ட்ரிக்டுக்குப் பக்கத்தில் டிஸ்ட்ரிக்ட் இருந்தால்? மற்ற நாடுகளுக்கு இரண்டு டிஸ்ட்ரிக்ட் பக்கத்தில் இருந்தால்தான் ஒரு புள்ளி. ஜப்பானுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மெய்ஜி மீட்சி என்றால் இவ்வளவுதான்.

முதல் பார்வைக்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்தவர்களில் பலர் இதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறவர்கள்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். மற்ற நாட்டுக்காரன் நல்ல கேம்பஸுக்கு மலையைத் தேடி அலைய வேண்டும், நல்ல ஹோலி சைட்டுக்குக் காட்டையும் இயற்கை அதிசயத்தையும் தேட வேண்டும். ஜப்பான் பொட்டல்வெளியில் உட்கார்ந்துகொண்டு தனக்கு வேண்டிய மலையைத் தானே கட்டிக்கொள்ளலாம். அதோடு இந்தக் கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடக்கும். கேம்பஸால் தியேட்டருக்கு ஒரு புள்ளி, தியேட்டரால் கேம்பஸுக்கு ஒரு புள்ளி. புதிதாக ஒன்று வந்து ஒட்டினால் ஏற்கெனவே அங்கிருக்கும் எல்லோருக்கும் ஏறும்.

பழைய சென்னையில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு முற்றம், ஒரு கிணறு, சுற்றி எட்டுக் குடும்பம். ஒரு வீட்டு ரேடியோ எட்டு வீட்டுக்கும் பாடும். ஜப்பான் ஆட்டம் அதேதான், சண்டை சச்சரவு மட்டும் கிடையாது.

ஒரு ஆட்டத்தில் வாய்த்த இடத்தைச் சொல்கிறேன். தலைநகர் கியோட்டோ ஒரு ஆற்று வளைவில். மேற்கே இரண்டு மலை, கிழக்கே மூன்று கட்டம் தள்ளிக் கடல். ஊர் மையங்களுக்கு இடையே குறைந்தது நான்கு கட்டத் தூரம் வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. சிலர் ஆறு, ஏழு கட்டம் விட்டுத் தாராளமாக வைப்பார்கள். நான் நான்குக்கு மேல் ஒரு கட்டம்கூடத் தருவதில்லை. கியோட்டோவைச் சுற்றி மூன்று ஊர்கள், நான்கின் எல்லைகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் கவர்ன்மென்ட் பிளாசா என்ற அரசாங்க டிஸ்ட்ரிக்ட். அது தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் டிஸ்ட்ரிக்டுகளுக்கெல்லாம் தனியாக ஒரு புள்ளி தரும். கியோட்டோவின் கேம்பஸுக்கு இரண்டு பக்கம் மலை. மீதி நான்கு பக்கத்தில் ஊர் மையம், பிளாசா, கமர்ஷியல் ஹப், பக்கத்து ஊரின் தியேட்டர் ஸ்கொயர். ஊர் மையமும் டிஸ்ட்ரிக்ட் கணக்கில் சேரும் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கூட்டினால் மலைக்கு 2, அண்டை வீட்டுக்காரர்களுக்கு 4, பிளாசாவின் தனிச் சலுகை 1. ஆக 7. அதே கட்டத்தில் வேறு நாடு இருந்திருந்தால் 5. கேம்பஸ் புள்ளியை இரட்டிப்பாக்கும் கொள்கை அட்டை ஒன்று உண்டு. அதைச் செருகினால் 14-க்கு 10.

ஒரு கட்டத்தில் நான்கு புள்ளி வித்தியாசம் என்பது பெரிய விஷயமில்லைதான். ஆனால் அந்த வளைவைச் சுற்றி நான்கு ஊர்களின் டிஸ்ட்ரிக்டுகளும் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது எல்லாவற்றுக்கும் அந்த வித்தியாசம் சேர்கிறது. நடுக்காலம் தாண்டி ஒரு நாள் அறிவியல் பட்டியலைத் திறந்து பார்த்தால் இரண்டாம் இடத்தில் இருப்பவனுக்கும் நமக்கும் இடையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். எப்போது விழுந்தது என்று சொல்ல முடியாது.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை திட்டமிடல். முதல் செட்லர் இறங்கும்போதே எந்தக் கட்டத்தில் எது என்று மேப்பில் ஊசி குத்தி வைத்துவிட வேண்டும். மக்கள்தொகை 1-ல் முதல் டிஸ்ட்ரிக்ட், 4-ல் இரண்டாவது, 7-ல் மூன்றாவது, 10-ல் நான்காவது என்பது விதி. அதனால் ஊர் வளர வளரத்தான் இடம் நிரம்பும். டிஸ்ட்ரிக்ட் கட்டும் செலவும் நாம் கண்டுபிடிப்புகளில் முன்னேற முன்னேற ஏறிக்கொண்டே போகும். ஆனால் அஸ்திவாரம் போட்ட அன்றைய விலை அப்படியே நின்றுவிடும். அதனால் கையில் ஆள் பலம் இல்லாவிட்டாலும் அஸ்திவாரத்தை மட்டும் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவது வழக்கம். நிலத்தை வளைத்துக் கல் நட்டு வைக்கிற வேலைதான், வேறென்ன.

ஆன்லைனில் என்னோடு ஆடும் தம்பி ஒருவன் எப்போதும் குதிரைப்படைக்காரன். ஒருமுறை என் மேப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டான், "என்னண்ணே இது, மூச்சு விட எடம் இல்லாம இப்படி அடைச்சு வச்சிருக்கீங்க?"

"நீ மூச்சு விடு தம்பி, நான் ராக்கெட் விடுறேன்" என்றேன்.

அன்றைக்கு அவன் பேசவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஜப்பானை எடுத்தான், நூறாவது டர்னுக்குள் குதிரை வாங்கிச் சண்டைக்குப் போய்விட்டான். சரி, ரத்தத்தில் ஊறியது.

பேரரசரிடம் அதிகாரம் திரும்பி ஜப்பான் நவீனமாகத் தொடங்கிய மெய்ஜி மீட்சி 1868-ல் நடந்தது. டோக்கிமுனே இறந்தது 1284-ல். கிட்டத்தட்ட அறுநூறு வருட இடைவெளியை ஆட்டம் ஒரே மூச்சில் தாண்டி இரண்டையும் ஒரு நாட்டின் தலையில் கட்டியிருக்கிறது. இந்த வகை ஆட்டங்களில் இதெல்லாம் சகஜம். ஆனால் டோக்கிமுனேயின் அசல் கதையைப் படித்த பிறகு அந்தக் கலவை எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

டோக்கிமுனே அரசரும் இல்லை, ஷோகுன் என்ற ராணுவ ஆட்சித் தலைவரும் இல்லை. காமாகுரா நகரிலிருந்து நடந்த அந்த ஆட்சியில் ஷோகுனுக்குப் பெயர்தான், அதிகாரம் ஷிக்கென் என்ற பதவியில் இருந்த ஹோஜோ குடும்பத்திடம். 1268-ல் அந்தப் பதவிக்கு வந்தபோது அவர் பதின்பருவம் தாண்டவில்லை. அதே ஆண்டில்தான் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் கடிதம் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது. நட்பு கொள்வோம், இல்லையென்றால் படை வரும் என்கிற தொனியில் எழுதிய கடிதம். பதில் போடவில்லை. அடுத்தடுத்து வந்த தூதர்களுக்கும் பதில் இல்லை. 1274-ல் மங்கோலிய, கொரியப் படை சுஷிமா, இக்கி தீவுகளைச் சூறையாடிவிட்டு, தெற்குத் தீவான கியூஷுவின் ஹகாட்டா விரிகுடாவில் இறங்கியது, சண்டை போட்டது, பின்வாங்கியது. 1275-ல் மறுபடி தூதர்கள் வந்தார்கள். இந்த முறை தலையை எடுத்துவிட்டார்கள்.

1276-ல் ஹகாட்டா விரிகுடாவை ஒட்டிச் சுமார் 20 கிலோமீட்டருக்குக் கல் சுவர் கட்டத் தொடங்கினார்கள். கியூஷுவின் ஒவ்வொரு மாகாணத்துக்கும் இவ்வளவு தூரம் உன் பங்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஃபுக்குவோக்கா நகரில் அந்தச் சுவரின் மிச்சங்களை இன்றும் பார்க்கலாம். 1281-ல் குப்ளாயின் இரண்டு கடற்படைகள் வந்தன. கொரியாவிலிருந்து ஒன்று, தென்சீனத்திலிருந்து ஒன்று. தெற்குப் படையில் மட்டும் ஒரு லட்சம் பேர், 3,500 கப்பல்கள் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. சுவர் இருந்ததால் ஹகாட்டாவில் முன்போல் இறங்க முடியவில்லை. தாமதமாக வந்த தெற்குப் படை தக்காஷிமா தீவருகே நின்றபோது புயல் அடித்தது. சலுகையின் பெயரில் இருக்கும் தெய்வக் காற்று அதுதான். 2011-ல் அங்கே கடலடியில் ஒரு கப்பலின் அடிப்பாகத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு நூல் ஓடுகிறது. 1279-ல் ஜப்பான் மேல் போவதற்காகக் கப்பல் கட்டச் சொல்லிக் குப்ளாய் உத்தரவு போட்ட இடங்களில் சீனத்தின் குவான்சோவும் ஒன்று. அதே குவான்சோவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம். அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் நலம் வேண்டி, கானின் பெயராலேயே திருக்கானீசுவரம் என்று சிவனை எழுந்தருளுவித்திருக்கிறார். துறைமுகத்தில் ஒரு பக்கம் ஜப்பான் போருக்கான கப்பல் வேலை, இன்னொரு பக்கம் கானின் உடல்நலத்துக்காக நம் வணிகர்களின் சிவபூசை. வியாபாரம் செய்கிற இடத்தில் ஆட்சியாளனுக்கு நன்மை வேண்டுவதில் தப்பேதும் இல்லை. இருந்தாலும் குப்ளாயை எதிராளியாக வைத்து ஜப்பான் ஆடும்போதெல்லாம் இந்தக் கல்வெட்டு நினைவுக்கு வந்து ஒரு சின்னக் கூச்சம் வரும். (சிவிலைசேஷன் 7-ல் சோழர்களைத் தனி நாடாகவே சேர்த்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.)

டோக்கிமுனே ஜெயித்தார். ஜெயித்து என்ன கிடைத்தது?

ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கேதான் சிக்கல். அதுவரை ஜப்பானில் நடந்த போர்களெல்லாம் ஜப்பானியர்களுக்குள் நடந்தவை. ஜெயித்தவர் தோற்றவரின் நிலத்தைப் பிடுங்கித் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். சாமுராயின் விசுவாசம் அந்தப் பங்கில் நிற்பது. மங்கோலியர்களிடமிருந்து பிடுங்க ஒரு முழம் நிலம்கூட இல்லை. சுவர் கட்டியவர்கள், சொந்தச் செலவில் குதிரையும் ஆளும் கொண்டுவந்தவர்கள், அடுத்த படையெடுப்பு எப்போது வருமோ என்று வருடக்கணக்கில் கடற்கரையில் காவல் நின்றவர்கள், எல்லோரும் கூலி கேட்டார்கள். சண்டையில் எங்கள் பிரார்த்தனைக்கும் பங்கு உண்டு என்று கோயில்களும் மடங்களும் வரிசையில் வந்து நின்றன.

தக்கேசாக்கி சுயேனாகா என்ற சாமுராய் இருந்தார். கியூஷுவின் ஹிகோ மாகாணத்துக்காரர், பெரிய ஆள் ஒன்றுமில்லை. 1274 சண்டையில் முன்வரிசையில் பாய்ந்தவர். தன் பெயர் சன்மானப் பட்டியலில் இல்லை என்றதும் குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் புரட்டிக்கொண்டு, 1275-ல் கியூஷுவிலிருந்து காமாகுராவுக்கே போய்விட்டார். அங்கே அடாச்சி யாசுமோரி என்ற உயர் அதிகாரியைப் பிடித்து, நான்தான் முதலில் பாய்ந்தேன், சாட்சி இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள் என்று வாதாடி, கடைசியில் ஒரு நிலப் பொறுப்பும் ஒரு குதிரையும் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். பிறகு தான் சண்டை போட்டதையும் மனு கொடுத்ததையும் படச்சுருளாக வரைய வைத்தார். மங்கோலியப் படையெடுப்பு என்றதும் எல்லோரும் அச்சிடும் அந்தப் படம் அதிலிருந்துதான். குதிரை ரத்தம் கொட்டித் துள்ள, மேலே வெடிகுண்டு ஒன்று வெடிக்க, அம்புகளுக்கு நடுவே சுயேனாகா. உலகின் மிக அழகான பில் கிளெயிம் அது என்பது என் எண்ணம்.

எல்லோருக்கும் சுயேனாகாவின் வாய் இல்லை. கடனில் மூழ்கிய சாமுராய்கள் நிலத்தை அடகு வைத்தார்கள், விற்றார்கள். 1297-ல் அந்தக் கடன்களை ரத்து செய்து, விற்ற நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லி அரசு ஆணையே போட வேண்டியிருந்தது. 1333-ல் காமாகுரா ஆட்சி விழுந்தது. விழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் கூலி கிடைக்காத கோபம் அதில் பெரிய பங்கு.

ஆட்டத்தில் இந்தக் கணக்கு கிடையாது. சாமுராய் சம்பளம் கேட்பான், டர்னுக்கு இத்தனை தங்கம் என்று, ஆனால் நிலம் கேட்க மாட்டான். ஜெயித்த மறுநாள் வாசலில் வந்து நின்று மனு நீட்ட மாட்டான். தற்காப்புப் போரை வருடக்கணக்கில் இழுத்தாலும் எதிராளி அலுத்துப்போய்ச் சமாதானத்துக்கு வந்து தங்கத்தை எடுத்து வைப்பான். அசல் டோக்கிமுனேக்குக் கிடைக்காத வரம் அது. அவரைக் கொல்லாமல் கொன்ற பிரச்சினையை எடுத்துவிட்டு அவரை ஆட விட்டிருக்கிறார்கள்.

தமாஷ் என்னவென்றால் அந்தத் தெய்வக் காற்றுக்கு ஆட்டத்தில் வேலையே வருவதில்லை. கணினி ஓட்டும் நாடுகளுக்குக் கடல் தாண்டிப் படையை இறக்கும் சாமர்த்தியம் கம்மி. குப்ளாயையே எதிரே வைத்தாலும் போர் அறிவித்துவிட்டு இரண்டு படகை அனுப்பிக் கரையோரம் சுற்றவிடுவார், அவ்வளவுதான். நிலத்தைப் பகிர்ந்தால்தான் தொல்லை. 2019 விரிவாக்கத்தில் சூறாவளிகளைச் சேர்த்தபோது ஜப்பான் படைகளுக்குச் சேதம் இல்லை, ஜப்பானோடு போரில் இருப்பவனின் படைக்கு ஜப்பான் எல்லைக்குள் இரட்டிப்புச் சேதம் என்று ஒரு விதி போட்டார்கள். வரலாறு தெரிந்தவர்கள் ரசித்துப் போட்ட விதி. வருகிறவன் வந்தால்தானே புயலுக்கு வேலை?

அந்தச் சலுகையில் உருப்படியான பகுதி அதன் வால். ராணுவ முகாம் மட்டுமில்லாமல் ஹோலி சைட், தியேட்டர் ஸ்கொயர் இரண்டும் பாதி உழைப்பில் முடியும். அசல் டோக்கிமுனே ஜென் பௌத்தத்தில் ஆழ்ந்த ஆள். சீனத்திலிருந்து முகாக்கு சோகென் என்ற துறவியை வரவழைத்து 1282-ல் காமாகுராவில் எங்காக்குஜி கோயிலைக் கட்டினார், போரில் இறந்த இரண்டு தரப்பினரின் சாந்திக்கும் சேர்த்து. ஆட்டத்தில் பாதி விலை ஹோலி சைட்டை எல்லா ஊரிலும் முதல் வேலையாக வைத்துவிடலாம். மதத்துக்காக இல்லாவிட்டாலும் பக்கத்துக் கேம்பஸுக்கு ஒரு புள்ளி கிடைக்குமே. ஹோலி சைட்டின் பக்கத்துவீட்டுப் புள்ளி அளவுக்கு உற்பத்தியும் தரும் ஒரு மத நம்பிக்கை உண்டு. அது கிடைத்துவிட்டால் பாதி ஆட்டம் முடிந்த மாதிரி. டெய்ட்டி என்கிற மிகக் கடினமான நிலையில் கணினி மூன்று செட்லர்களோடு கிளம்பும், நமக்கு ஒன்றுதான். அந்த இடைவெளியை நான் அடைப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தொடும்போது ஜப்பானின் தனிக் கட்டடம் வரும். எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி. மற்ற தொழிற்சாலைகள் போலவே ஆறு கட்டத்துக்குள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் உற்பத்தி தரும். நான்கு கட்ட இடைவெளியில் ஊர்களை அடுக்கியவனுக்கு இது லாட்டரி. அதோடு மின்சாரம் கண்டுபிடித்த பிறகு ஒவ்வொரு ஃபேக்டரியும் 4 பண்பாட்டுப் புள்ளி தரும். தொழிற்சாலைக்கும் பண்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் எனக்கே தோன்றியது. பிறகு வீட்டு அலமாரியில் இருந்த நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர் ஞாபகம் வந்தது. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற உறவுக்காரர் கொண்டுவருவார். அதற்குத் தைத்த துணி உறை இருக்கும், பிள்ளைகள் தொடக்கூடாது. ஜப்பான் என்கிற நாட்டைப் பற்றி எங்கள் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாது, ஆனால் மேட் இன் ஜப்பான் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சோனி வாக்மேன் வந்தது 1979-ல். எந்தத் தூதராலும் இந்த மதிப்பைச் சம்பாதித்துக் கொடுத்திருக்க முடியாது. 4 புள்ளி குறைவுதான் என்பேன்.

இண்டஸ்ட்ரியல் ஸோனுக்குப் பக்கத்தில் நீர்க்கால்வாயும் அணையும் வைத்தால் தலா 2 புள்ளி. அவையும் டிஸ்ட்ரிக்ட் என்பதால் ஜப்பானுக்கு மேலும் ஒவ்வொன்று. அதன்மேல் நிலக்கரி மின்நிலையம் கட்டினால் அந்தப் புள்ளி அத்தனையும் இன்னொரு முறை உற்பத்தியாகச் சேரும். கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கும் பேராசை அது. ஆனால் நிலக்கரி எரிந்தால் கடல்மட்டம் உயரும், தாழ்ந்த கடற்கரைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக மூழ்கும். கடலை ஒட்டி நெருக்கி அடுக்கி வைத்த ஜப்பானுக்குத்தான் அடி அதிகம். ஒரு கட்டம் மூழ்கினால் அந்த டிஸ்ட்ரிக்டோடு போகாது, சுற்றியிருப்பவர்களின் புள்ளியும் போகும். ஒண்டுக்குடித்தனத்தின் மறுபக்கம். வெள்ளத்தடுப்புச் சுவர் கட்டலாம்தான், கடல் ஏற ஏற அதன் விலையும் ஏறும்.

ஆட்டம் இதற்கு மேல் போவதில்லை. கேம்பஸும் கோயிலும் ஆலையும் தோளோடு தோள் உரசி நின்றால் அங்கே லாபம் மட்டும்தான். அக்கம்பக்கத்தின் அழகுப் புள்ளி கொஞ்சம் குறையும், யாரும் இரும மாட்டார்கள். அசல் ஜப்பானில் யொக்காயிச்சி நகரில் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளைக் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். 1960-களில் ஊரே மூச்சிரைப்பில் தவித்தது, வழக்கு நடந்தது, 1972-ல் ஆலைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஜப்பானின் நிலத்தில் முக்கால் பங்கு மலை. மீதியில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டிய நாடு அது. நெருக்கத்தால் வந்த வேகத்தை ஆட்டம் அருமையாகப் பிடித்திருக்கிறது. நெருக்கத்தின் நெடி மட்டும் திரைக்கு வரவில்லை.

கடைசிக் கட்டம் ராக்கெட். செயற்கைக்கோள், நிலவு, செவ்வாய்க் குடியேற்றம், பிறகு ஐம்பது ஒளியாண்டு தூரத்துக்குக் கப்பல். கப்பல் டர்னுக்கு ஒரு ஒளியாண்டு நகரும். லேசர் நிலையங்கள் கட்டக் கட்ட வேகம் கூடும். இவ்வளவுக்கும் ஸ்பேஸ்போர்ட் என்ற ஏவுதள டிஸ்ட்ரிக்ட் வேண்டும், அதற்குச் சமதளமான ஒரு கட்டம் வேண்டும். எல்லா இடத்தையும் நெருக்கி நிரப்பிய ஜப்பான்காரன் இங்கேதான் விழிப்பான். மேட்டில் கட்ட முடியாது, கட்டிய டிஸ்ட்ரிக்டை இடிக்கவும் முடியாது. அதனால் ஆரம்பத்தில் குத்தும் ஊசிகளிலேயே ஒரு ஓரத்துச் சமவெளியை ஸ்பேஸ்போர்ட்டுக்கென்று ஒதுக்கிவிடுவது நல்லது. நடுவில் இரண்டாயிரம் வருடம் அந்தக் கட்டம் வெறும் வயலாகக் கிடக்கும். கை வைக்கக் கூடாது.

அசல் ஜப்பானும் தன் ஏவுதளத்தை ஓரத்துக்குத்தான் தள்ளியது. கியூஷுவுக்குத் தெற்கே தனேகாஷிமா தீவு. 1543-ல் போர்த்துகீசியர்கள் ஜப்பானுக்கு முதன்முதலாகத் துப்பாக்கியைக் கொண்டுவந்து சேர்த்த அதே தீவில் 1969-ல் விண்வெளி மையம் அமைத்தார்கள். 1970 பிப்ரவரியில் ஜப்பான் தன் முதல் செயற்கைக்கோளை விட்டது அதே ககோஷிமா மாகாணத்தின் உச்சினோராவிலிருந்து. சொந்த ராக்கெட்டில் செயற்கைக்கோள் அனுப்பிய நான்காவது நாடு. தனேகாஷிமாவைச் சுற்றி மீன்பிடிக் கடல், அதனால் மீனவர்களோடு உடன்படிக்கை போட்டு, பல வருடங்கள் ஆண்டின் குறிப்பிட்ட பருவங்களில் மட்டுமே ராக்கெட் விட்டார்கள். ஆட்டத்தில் என் மீன்பிடிப் படகுகள் இப்படி ஒரு ஆட்சேபம் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

கப்பல் கிளம்பிய பிறகு செய்ய ஒன்றுமில்லை. லேசருக்கு மின்சாரம் போகிறதா என்று பார்ப்பது, டர்னை முடிப்பது, அவ்வளவுதான். கணினி நாடுகள் பொறாமையில் போர் அறிவிக்கும், ஒற்றர்களை அனுப்பி ஸ்பேஸ்போர்ட்டைக் குலைக்கப் பார்க்கும். பிளாசாவுக்குப் பக்கத்தில் ஒரு எதிர் ஒற்றனையும் ஸ்பேஸ்போர்ட்டில் ஒருவனையும் உட்கார வைத்தால் போதும். கத்தி எடுக்காமல் நவீன காலம் வரை வந்த ஆட்டத்தில் இந்த இடத்தில்தான் அந்தப் பாதி விலை ராணுவ முகாம்களுக்கு உண்மையான உபயோகம். கேம்பஸுக்கு அண்டை வீடாக இத்தனை காலம் ஒரு புள்ளி கொடுத்துக்கொண்டிருந்தவை, இப்போது சுவரேறி வருகிறவன் மேல் குண்டு போடும்.

இப்போது டோக்குகாவாவை எடுத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானுக்கு மாற்றுத் தலைவராகப் பிறகு வந்தவர். வெளிநாட்டு வணிகப் பாதைகளில் வரவு கால் பங்கு குறையும், உள்நாட்டுப் பாதைகளில் டிஸ்ட்ரிக்ட் கணக்குப்படி அறிவியலும் பண்பாடும் தங்கமும் கூடும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்குள்ளேயே வியாபாரம் செய் என்கிறார்கள். நான்கு கட்ட இடைவெளி, ஒட்டிய டிஸ்ட்ரிக்டுகள், அதற்கு மேல் ஊருக்கு ஊர் வண்டி. தம்பி இந்த முறை எதிர்ப் பக்கத்தில், வழக்கம்போலக் குதிரையோடு. எங்களுக்கு நடுவில் கடல் இருக்கிற மாதிரி மேப்பை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.